பீரில் ஹாப்ஸ் எப்போது போடுவது: நாள் பார்த்தா, ஹைட்ரோமீட்டர் பார்த்தா?

கேள்வி: ஐந்தாவது முறையாக வீட்டில் பீர் போட்டேன். 20 லிட்டர் பேல் ஏல், தொடக்க கிராவிட்டி (தண்ணீரை 1.000 என்று வைத்து ஹைட்ரோமீட்டர் காட்டும் அடர்த்தி) 1.054. பழைய ஃபிரிட்ஜ் ஒன்றில் கன்ட்ரோலர் மாட்டி 19 டிகிரியில் நொதிக்கவிட்டேன். ஏழாம் நாள் ஏர்லாக்கில் (மூடியில் வாயு வெளியேறும் நீரடைப்புக் குழாய்) குமிழி நின்றது, அளவு 1.014. அன்றே வேறு வாளிக்கு மாற்றினேன். பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூவில் சிட்ரா, மொசாயிக் வகைகளுமாக 150 கிராம் பெல்லட்டை ஒரே துணிப்பையில் கட்டிப் போட்டு, 4 டிகிரியில் பத்து நாள் வைத்தேன். பிறகு பையைப் பிழிந்து எடுத்துவிட்டு, 140 கிராம் சர்க்கரை சேர்த்து, பாட்டிலில் அடைத்து பாம் ஷெல்டரில் (வீட்டுக்குள் இருக்கும் குண்டுக் காப்பறை) அடுக்கினேன். மூன்றாம் வாரம் திறந்தால் பாதி பாட்டில் நுரையாகக் கொட்டுகிறது. வெண்ணெய் வாடை அடிக்கிறது, குடித்தால் தொண்டை அரிக்கிறது. பழ வாசனை இல்லை, வெட்டிய புல் வாசனைதான் வருகிறது. ஆறாம் வாரம் நிறம் தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) மாதிரி கறுத்துவிட்டது. ஒரு பாட்டிலில் வாயுவைப் போக்கி அளந்தால் 1.011 காட்டுகிறது. ஹாப்ஸை எத்தனையாம் நாள் போட வேண்டும், எத்தனை நாள் விட வேண்டும்? கொதிநீரில் கழுவாமல் போட்டதால் கிருமி புகுந்துவிட்டதா? நொதிக்கும்போதே போட்டால்தான் பழ வாசனை வரும் என்கிறார்களே, உண்மையா? வாசனைக்காக அடுத்த முறை 250 கிராம் போடலாமா? இனி மாதம் இரண்டு முறை போடவும் நினைக்கிறேன்.
சிங்கப்பூர், செங்காங் வாசகர்

பதில்: வணக்கம். ஹாப்ஸைப் பற்றிப் பேசுமுன் பாம் ஷெல்டரைக் கவனியுங்கள். மிச்சமிருக்கும் பாட்டில்கள் எல்லாம் இன்றே ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். முழுக்கைச் சட்டை, தடித்த கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பாட்டில்கள் மேல் ஈரத்துண்டைப் போர்த்தி, ஆட்டாமல் ஒவ்வொன்றாக எடுங்கள். அந்த அறை வெளியே வெடிப்பதைத் தாங்கக் கட்டியது, உள்ளே வெடிப்பதற்கு அல்ல.

இவ்வளவு அவசரம் ஏன் என்பதற்கு உங்கள் எண்களே பதில். பீரில் கரைந்த கரியமில வாயுவை, பீரின் கனஅளவைப்போல் எத்தனை மடங்கு என்று அளப்பது வழக்கம். 19 டிகிரியில் நொதித்த பீரில் ஏற்கெனவே ஏறக்குறைய 0.9 மடங்கு இருக்கும். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை ஒரு மடங்கு வாயு தரும். நீங்கள் போட்டது லிட்டருக்கு 7 கிராம், அதாவது 1.75 மடங்கு. ஆக 2.6 மடங்கு. பேல் ஏலுக்கு இது கொஞ்சம் தூக்கல், ஆனாலும் பாட்டில் தாங்கும். ஆனால் 1.014-இல் அடைத்த பீர் இன்று 1.011. கிராவிட்டி ஒரு புள்ளி (0.001) இறங்கினால் ஏறக்குறைய அரை மடங்கு வாயு கூடும். மூன்று புள்ளிக்கு ஒன்றரை மடங்கு. மொத்தம் நான்கைத் தாண்டிவிட்டது. சாதாரண பீர் பாட்டிலில் மூன்றைத் தாண்டுவதே ஆபத்து.

4 டிகிரிக்குக் குளிர்ந்தால் உள்ளே இருக்கும் அழுத்தம் 30 டிகிரியில் இருப்பதில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். முழுதாக ஒரு நாள் குளிர்ந்தபின், கழுவுதொட்டியில் வைத்து மூடியின் ஓரத்தை மட்டும் ஓப்பனரால் மெல்லத் தூக்குங்கள். சீறல் அடங்கியதும் புது மூடி போட்டு அடையுங்கள். மறுநாள் இன்னொரு முறை இதையே செய்து, ஃபிரிட்ஜிலேயே வைத்துக் குடித்துத் தீர்த்துவிடுங்கள். நிறமும் வெண்ணெய் வாடையும் இனி மாறப்போவதில்லை.

அந்த மூன்று புள்ளி எங்கிருந்து வந்தது? கிருமி என்று நான் சொல்ல மாட்டேன். புளிப்பு என்று நீங்கள் எழுதவில்லை. மருந்து வாடை என்றும் எழுதவில்லை. பாட்டிலுக்குள் பீரை மறுபடி நொதிக்க வைத்தது ஹாப்ஸ்தான்.

மால்ட்டிலிருந்து வரும் சர்க்கரை முழுவதையும் ஈஸ்ட்டால் தின்ன முடியாது. டெக்ஸ்ட்ரின் எனும் நீண்ட மாவுச்சங்கிலிகள் மிஞ்சும். உங்கள் பீர் 1.014-இல் நின்றது அதனால்தான். ஹாப்ஸிலோ அந்தச் சங்கிலியைச் சின்னச் சின்னச் சர்க்கரையாக வெட்டும் என்சைம்கள் உண்டு. கொதிக்கும் கெட்டிலில் போட்டால் அவை வெந்து அழிந்துவிடும். ஆறிய பீரில் போட்டால் அப்படியே வேலை செய்யும். இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. ஹாப்ஸுக்கு இந்தக் குணம் உண்டென்று 1893-இலேயே இங்கிலாந்தில் ஹோரஸ் பிரவுனும் மாரிஸும் எழுதினார்கள். ஹாப்ஸை அள்ளிப் போடும் ஐபிஏ பீர்கள் பரவியபிறகு, இப்போது எல்லாரும் இதை 'ஹாப் கிரீப்' என்கிறார்கள்.

உங்கள் விஷயத்தில் என்ன நடந்தது என்றால், ஹாப்ஸ் போட்ட கையோடு பீரை 4 டிகிரிக்கு இறக்கிவிட்டீர்கள். அந்தக் குளிரில் என்சைம் மெதுவாக வெட்டிக்கொண்டே இருந்தது, ஈஸ்ட்டோ தூங்கிவிட்டது. பத்து நாள் கழித்து அளந்திருந்தாலும் ஹைட்ரோமீட்டர் பெரிதாக எதையும் காட்டியிருக்காது. சர்க்கரை வெட்டுப்பட்டுக் கிடந்தது, தின்ன ஆள் இல்லை. அந்தப் பீரை 30 டிகிரி அறைக்குக் கொண்டுவந்தீர்கள். ராத்திரி மேடையில் வைத்த இட்லி மாவு இந்த ஊரில் விடிவதற்குள் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் போட்ட சர்க்கரை, ஹாப்ஸ் வெட்டிக் கொடுத்த சரக்கு, பாட்டிலுக்குள்ளும் ஓயாத என்சைம் எல்லாம் மூடிய பாட்டிலில் ஒன்றுசேர்ந்தன.

வெண்ணெய் வாடைக்கும் வேர் இதுவே. ஈஸ்ட் மறுபடி வேலை தொடங்கும்போது ஆல்ஃபா அசிட்டோலாக்டேட் என்ற பொருளை வெளியே விடும். அது தானாக டையசிட்டைலாக மாறும், வெண்ணெய் பாப்கார்ன் வாசனை அதுதான். ஆரோக்கியமான ஈஸ்ட் நிறைய இருந்து, 19, 20 டிகிரியில் சில நாள் விட்டுவைத்தால் அதுவே டையசிட்டைலைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். உங்கள் ஈஸ்ட்டில் பெரும்பகுதியை முதல் வாளியின் அடியிலேயே விட்டுவிட்டு வந்தீர்கள். பாட்டிலில் இருந்த சொற்ப ஈஸ்ட்டுக்கு அந்தச் சக்தி இல்லை.

ஆக, ட்ரை ஹாப்பிங்கை, அதாவது ஆறிய பீரில் ஹாப்ஸ் போடுவதை, கடைசி வேலை என்று நினைக்காதீர்கள். ரசத்தை இறக்கும்போது கொத்தமல்லி தூவுவது மாதிரி என்று இதைச் சொல்வார்கள். வாசனையைப் பொறுத்தவரை அது சரியான உவமைதான், கொதித்தால் வாசனை பறந்துவிடும். ஆனால் கொத்தமல்லி ரசத்தை மறுபடி கொதிக்க வைக்காது. ஹாப்ஸ் பீரை மறுபடி நொதிக்க வைக்கும். அந்த இரண்டாவது சின்ன நொதிப்பு முடிந்தபிறகுதான் பாட்டில்.

இனி உங்கள் முதல் கேள்வி. எத்தனையாம் நாள் என்பதற்கு எண் கிடையாது. 'ஏழாம் நாள் போடு' என்று குறிப்புத்தாள்களில் இருப்பது, எழுதியவருடைய ஈஸ்ட்டுக்கும் அவருடைய அறை வெப்பத்துக்கும் பொருந்திய நாள். ஏர்லாக் குமிழியையும் நம்ப வேண்டாம். மூடி கொஞ்சம் கசிந்தாலே குமிழி நின்றுவிடும். நொதிப்பு முடிந்த பீரும் அறை சூடாகும்போது குமிழி விடும். பார்க்க வேண்டியது கிராவிட்டி. பாட்டிலில் அடைக்கிறவர்களுக்கு நான் சொல்லும் நேரம், கடைசி அளவுக்கு இன்னும் இரண்டு முதல் நான்கு புள்ளி பாக்கி இருக்கும்போது. உங்கள் பீர் 1.014-இல் முடியும் என்றால், 1.018-க்கும் 1.016-க்கும் இடையில். அந்தக் கட்டத்தில் முதல் வேகத்தின் நுரை அடங்கியிருக்கும். ஆனால் ஈஸ்ட் இன்னும் விழித்திருக்கும். மூடியைத் திறந்தபோது நுழைந்த ஆக்ஸிஜனில் பெரும்பங்கை அது தின்றுவிடும். பாக்கி நொதிப்பில் வரும் கரியமில வாயு மேலே இருக்கும் காற்றை வெளியே தள்ளும். 19 டிகிரியில் இது பெரும்பாலும் நான்காம் ஐந்தாம் நாள் வரும். நாள் எதுவானாலும் அளந்து பார்த்துத்தான் போட வேண்டும்.

கடைசி அளவு 1.014 என்று முன்கூட்டி எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். சிங்கப்பூர் வெயில் நமக்கு உதவும் இடம் இதுதான். காய்ச்சி ஆறவைத்த அன்றே, சானிடைசரில் அலசிய இரண்டு கண்ணாடி ஜாடிகளில் 250 மில்லி வீதம் வோர்ட் (இன்னும் நொதிக்காத மால்ட் கஷாயம்) எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் தாராளமாக அரைத் தேக்கரண்டி உலர் ஈஸ்ட், மேலே அலுமினியத் தாளை இறுக்காமல் மூடி, சமையலறை மேடையிலேயே வையுங்கள். போகவர ஒரு சுழற்று சுழற்றுங்கள். 30 டிகிரியில் இரண்டு மூன்று நாளில் நொதித்து முடிந்துவிடும். வாயுவைப் போக்கி, 20 டிகிரிக்கு ஆறவைத்து அளந்தால் வாளியில் இருக்கும் பீர் எங்கே போய் நிற்கும் என்று தெரிந்துவிடும். இரண்டாவது ஜாடி எதற்கு? அதில் இரண்டாம் நாள் 2 கிராம் பெல்லட் போடுங்கள். 20 லிட்டருக்கு 150 கிராம் என்ற விகிதம் 250 மில்லிக்கு ஏறக்குறைய அவ்வளவுதான். இன்னும் மூன்று நான்கு நாள் விட்டுத் துணியில் வடித்து அளந்து, முதல் ஜாடியோடு ஒப்பிடுங்கள். முதலாவது 1.014, இரண்டாவது 1.011 என்று வந்தால், இந்த ஹாப்ஸ் இந்த வோர்ட்டில் எத்தனை புள்ளி இழுக்கும் என்பது உங்கள் மேடையிலேயே தெரிந்துவிட்டது. வாளியில் பீர் 1.011-க்கு வரும்வரை ஒரு பாட்டிலையும் மூடக் கூடாது. அரை லிட்டர் வோர்ட் போகிறதே என்று கஞ்சப்படாதீர்கள்.

அடுத்து, எத்தனை நாள் விடுவது. பெல்லட் என்பது அரைத்து அழுத்திய ஹாப்ஸ். பீரில் பட்டதும் உதிர்ந்து தூளாகிவிடும். வாசனையில் பெரும்பகுதி முதல் இரண்டு நாளில் பீருக்கு வந்துவிடும். அதன்பிறகு வருவதில் இலையின் பச்சை வாசனையும் பாலிஃபீனாலின் துவர்ப்பும்தான் அதிகம். உங்கள் வெட்டிய புல் அந்தப் பத்து நாள் தந்தது. ஆனால் மூன்றாம் நாள் முடியும்போது பையை எடுத்தே ஆக வேண்டும் என்று மூடியைத் திறக்காதீர்கள். திறந்தால் ஆக்ஸிஜன் போகும். ஐந்தாறு நாள் ஹாப்ஸ் கிடப்பதால் வரும் நஷ்டம், ஒருமுறை மூடி திறப்பதால் வரும் நஷ்டத்தைவிடக் குறைவு என்பது என் கணிப்பு. ஹாப் கிரீப் அடங்கவும் ஏறக்குறைய அவ்வளவு நாள் வேண்டும். பத்து நாள் என்பது அதிகம், இரண்டு வாரம் வேண்டவே வேண்டாம்.

குளிரிலா, இளஞ்சூட்டிலா? கெக் எனும் உலோகப் பீப்பாயில் அடைத்து, குடிக்கும்வரை குளிரிலேயே வைத்திருப்பவர்கள் நொதிப்பு முடிந்தபின் 14 டிகிரிக்கு இறக்கி, ஈஸ்ட் படிந்ததும் ஹாப்ஸ் போடுகிறார்கள். வாசனை தெளிவாக வரும், ஈஸ்ட்டும் அதிகம் விழிக்காது. அந்தப் பீர் கெக்கிலிருந்து நேரே கோப்பைக்குப் போகிறது, அவர்களுக்கு அது சரி. உங்கள் பீர் மறுபடி 30 டிகிரிக்கு வரப்போகிறது. அதனால் நீங்கள் 19, 20 டிகிரியிலேயே போடுங்கள். நடக்க வேண்டிய நொதிப்பு வாயு வெளியேற வழியுள்ள வாளியிலேயே நடந்து முடியட்டும், பாட்டிலில் வேண்டாம். வீட்டில் தனி ஃபிரிட்ஜ் இல்லாத வாசகர்கள் நார்வே நாட்டு வாஸ் க்வைக் ஈஸ்ட் பக்கம் போகலாம். அது 35 டிகிரிக்கு மேலும் சுத்தமாக நொதிக்கும், நம் அறை வெப்பம் அதற்குத் தொல்லையே இல்லை. ஆனால் மூன்று நான்கு நாளில் முடித்துவிடும் என்பதால், இரண்டாம் நாளிலிருந்தே அளக்கத் தொடங்க வேண்டும்.

இனி நிறம். ஹாப்ஸ் நிறைந்த பீர் பழுப்பாவதும், பழ வாசனை போய் நனைந்த அட்டை வாசனையும் சப்பென்ற இனிப்பும் வருவதும் ஆக்ஸிஜன் செய்யும் வேலை. நீங்கள் அதற்கு நான்கு கதவு திறந்து வைத்தீர்கள். முதலாவது வேறு வாளிக்கு மாற்றியது. நொதிப்பு ஓய்ந்த பீரைக் காற்று நிறைந்த காலி வாளியில் ஊற்றினால், உறிஞ்சிய ஆக்ஸிஜனைத் தின்ன யாரும் இல்லை. இரண்டாம் வாளி என்பது பழைய புத்தகங்களின் பழக்கம், விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று வாரம் ஈஸ்ட் மேல் பீர் கிடந்தால் ஒன்றும் கெடாது. இரண்டாவது, குளிர வைத்தபோது ஏர்லாக் வழியே உள்ளே இழுபட்ட காற்று. 19-இலிருந்து 4-க்கு இறங்கும்போது மேலே இருக்கும் வாயு சுருங்குகிறது, பீரும் கரியமில வாயுவைக் கூடுதலாக விழுங்குகிறது. அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்றுதான் வரும். நொதிப்பு வேகமாக நடக்கும் நாட்களில் ஏர்லாக் துளையில் ஒரு குழாய் மாட்டி, உணவுத்தர பிளாஸ்டிக் பை ஒன்றில் அந்தக் கரியமில வாயுவைப் பிடித்து வைத்துக்கொண்டால், குளிரும்போது பீர் அதையே திரும்ப உள்ளிழுக்கும். மூன்றாவது பையைப் பிழிந்தது. நான்காவது, ஆறு வாரம் 30 டிகிரியில் அடுக்கி வைத்தது.

பிழிந்ததைப் பற்றி இன்னும் கொஞ்சம். தொண்டை அரிப்புக்குப் பெரிய காரணம் அது. அரிப்பு என்பது கசப்பு இல்லை. பீரில் மிதக்கும் ஹாப்ஸ் தூளும் பாலிஃபீனாலும் தொண்டையில் உராய்வது. பிழிந்தால் பையில் தங்க வேண்டிய தூளெல்லாம் பீருக்கு வரும். 150 கிராம் பெல்லட் ஏறக்குறைய ஒரு லிட்டர் பீரை உறிஞ்சி வைத்திருக்கும். அந்த லிட்டருக்கு ஆசைப்பட்டு மிச்சம் 19 லிட்டரைக் கெடுக்கக் கூடாது. 2 முதல் 4 டிகிரியில் இரண்டு மூன்று நாள் வைத்தால் தூள் அடியில் படியும், அரிப்பும் அதோடு பெரும்பாலும் போய்விடும்.

பழ வாசனை குறைந்ததற்கு அந்தப் பையும் காரணம். பெல்லட் பீரில் ஊறிப் பல மடங்கு உப்பும். இறுகக் கட்டிய ஒரே பையில் 150 கிராமும் கிடந்தால் வெளிப்பக்கம் கூழாகி அடைத்துக்கொள்ளும், பீர் உள்ளே போகாது. அப்படிப்பட்ட பையை அறுத்துப் பாருங்கள். மேலே பச்சைச் சேறு, நடுவில் வேகாத கொழுக்கட்டை மாவு மாதிரி உலர்ந்த தூள். காசு கொடுத்து வாங்கிய ஹாப்ஸில் ஒரு பங்கு பீரைத் தொடவே இல்லை. பை வேண்டுமென்றால் ஒன்றுக்கு 50 கிராம், பையில் முக்கால் பங்கு காலியாக இருக்க வேண்டும். மிதக்காமலிருக்க உள்ளே ஒரு கனமான ஸ்டீல் கரண்டி. ஆனால் குளிர வைத்துத் தெளிய வைக்கும் வசதி உங்களிடம் இருப்பதால், பையே இல்லாமல் நேரே கொட்டுங்கள் என்பேன். வாளியின் குழாயோ சைஃபனோ அடைத்துக்கொள்ளாமல் இருக்க, எடுக்கும் முனையில் மட்டும் ஒரு சிறு வலை கட்டினால் போதும்.

கொட்டும்போது ஒரு ஜாக்கிரதை. நொதித்துக்கொண்டிருக்கும் பீரில் கரியமில வாயு நிறையக் கரைந்திருக்கும். ஒரே நேரத்தில் 150 கிராம் பெல்லட் விழுந்தால் அத்தனை வாயுவும் தூளைப் பிடித்துக்கொண்டு மேலே வரும், பால் பொங்குவது மாதிரி. 20 லிட்டர் பீர் 23 லிட்டர் வாளியில் இருந்தால் தரையைத் துடைக்க வேண்டியதுதான். மேலே நாலைந்து லிட்டர் இடம் இருக்க வேண்டும். முதலில் ஒரு கைப்பிடி, அரை நிமிடம் பொறுத்து மீதி. போட்டபின் மூடியைத் திறக்காமலேயே, காலையும் மாலையும் வாளியை மெல்ல ஒரு சுற்று அசைத்துவிடுங்கள். அடியில் படிந்த தூள் மறுபடி பீரில் கலக்கும்.

கழுவ வேண்டுமா? வேண்டாம், கொதிநீரில் வேண்டவே வேண்டாம். வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடும். குழாய்த் தண்ணீரில் அலசுவதும் நல்லதல்ல. நம் குழாய்த் தண்ணீரில் கிருமிநாசினியாகக் குளோரமின் இருக்கிறது, அது மால்ட்டோடு சேர்ந்தால் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் வாடை தரும். இந்தக் கட்டத்தில் பீரில் சாராயம் இருக்கிறது, புளிப்புத் தன்மை இருக்கிறது, ஹாப்ஸே பல பாக்டீரியாக்களுக்கு எதிரி. பாக்கெட்டிலிருந்து நேரே போடலாம். சானிடைசர் பட வேண்டியவை கத்தரிக்கோல், பாக்கெட்டின் வெளிப்புறம், பை, உங்கள் கை. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஃபாயில் பாக்கெட்டை உடனே வெட்டாதீர்கள். நம் ஊர்க் காற்றின் ஈரம் குளிர்ந்த பெல்லட் மேல் முத்துமுத்தாகப் படியும். பாக்கெட் அறைச் சூட்டுக்கு வர அரை மணி நேரம் விட்டு, அப்புறம் திறவுங்கள். மிச்சத்தைக் காற்றை எடுத்து அடைத்து ஃப்ரீசரில் வையுங்கள். மோந்தால் பழைய சீஸ் வாசனை அடிக்கும் ஹாப்ஸை, விலை பார்க்காமல் எறியுங்கள். எறியும்போதும் பையில் கட்டி எறியுங்கள். ஹாப்ஸ் நாய்க்கு விஷம், வடிகட்டிய சக்கையும்தான்.

250 கிராம் வேண்டாம். உங்களுடைய 150 கிராமே லிட்டருக்கு 7.5 கிராம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேஸ்கேட் ஹாப்ஸை வைத்துச் செய்த, 2018-இல் வெளியான ஆய்வு, லிட்டருக்கு 8 கிராமுக்கு மேல் போனால் வாசனையின் வேகம் அந்த அளவுக்குக் கூடுவதில்லை என்றும், எலுமிச்சை ஆரஞ்சு வாசனை போய் மூலிகை, தேயிலை வாசனை தலைதூக்குகிறது என்றும் காட்டியது. பேல் ஏலுக்கு லிட்டருக்கு 4, 5 கிராம் தாராளம். அடுத்த முறை 100 கிராம் போட்டு இந்தத் தவறுகளைத் தவிர்த்துப் பாருங்கள், இந்த முறை 150-இல் கிடைத்ததைவிட வாசனை கூடுதலாகவே இருக்கும். கூடப் போடப் போட என்சைமும் கூடுகிறது, உறிஞ்சப்படும் பீரும் கூடுகிறது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நொதிக்கும்போதே போடுவதில் உண்மை இல்லாமலில்லை. இரண்டாம் மூன்றாம் நாள், நுரை உச்சத்தில் இருக்கும்போது போட்டால், ஹாப்ஸின் ஜெரானியால் போன்ற சில பொருள்களை ஈஸ்ட் வேறு வாசனையாக மாற்றும். ஆனால் சீறி வெளியேறும் வாயு வாசனையில் ஒரு பங்கை ஏர்லாக் வழியே கொண்டுபோகும், இன்னொரு பங்கு ஈஸ்ட்டில் ஒட்டி அடியில் போகும். வீடு முழுக்கக் கமகமக்கிறது என்றால் அந்த வாசனை பீரில் இல்லை என்று அர்த்தம். இதை இப்போது தொடாதீர்கள். முதலில் ஒரு முறை நேரான வழியில் நல்ல பீர் வரட்டும்.

அந்த வழி, உங்கள் 20 லிட்டருக்கு, இப்படி: 19 டிகிரியில் தொடங்கி, 1.017 வாக்கில் 100 கிராம் பெல்லட்டைப் பையின்றிப் போட்டு, வெப்பத்தை 20-க்கு உயர்த்துங்கள். மூன்று நாள் கழித்து அளக்கத் தொடங்குங்கள். இரண்டு நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும், அது ஹாப்ஸ் போட்ட ஜாடியின் அளவுக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும். பிறகு வெண்ணெய்ச் சோதனை. இரண்டு சிறு கண்ணாடிக் குப்பிகளில் கொஞ்சம் பீர் எடுத்து மூடி, ஒன்றை 60 முதல் 65 டிகிரி வெந்நீரில் 20, 30 நிமிடம் வைத்து, இரண்டையும் ஒரே சூட்டுக்குக் கொண்டுவந்து மோந்து பாருங்கள். சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் வாசனை என்றால், டையசிட்டைலாக மாறப்போகும் சரக்கு இன்னும் உள்ளே இருக்கிறது, இரண்டு நாள் பொறுங்கள். இரண்டிலும் இல்லையென்றால் 2 டிகிரிக்கு இறக்கி இரண்டு நாள் தெளிய விடுங்கள்.

சர்க்கரை 115 கிராம் போதும், ஏறக்குறைய 2.3 மடங்கு வரும். கணக்குப் போடும்போது பீர் இப்போது இருக்கும் 2 டிகிரியை எடுக்கக் கூடாது. நொதிப்பு முடியும்போது இருந்த 20 டிகிரியைத்தான் எடுக்க வேண்டும், ஏனென்றால் கரைந்து நின்ற வாயு அந்தச் சூட்டுக்கு உரியது. பாட்டிலின் அடிவரை குழாயை விட்டு நிரப்பி, கழுத்தில் இரண்டு விரல் இடத்துக்கு மேல் விடாமல், நுரை வாயருகே நிற்கும்போதே மூடியை அழுத்துங்கள். பாம் ஷெல்டரில் ஒரு வாரம், ஒரு பெட்டியில் மூடி வைத்து. ஏழாம் நாள் ஒன்றைக் குளிரவைத்துத் திறந்து பாருங்கள். வாயு ஏறியிருந்தால் எல்லாவற்றையும் ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். ஃபிரிட்ஜில் இடம் இல்லை என்றால் அடுத்த முறை 10 லிட்டர் போடுங்கள். ஹாப்ஸ் வாசனையுள்ள பீர் நம் வெயிலில் வயதாகி நன்றாவதில்லை, குளிரிலும் ஆறு வாரத்துக்குள் குடிப்பது நல்லது.

மாதம் இரண்டு முறை என்று எழுதியிருந்தீர்கள். சொந்தக் குடிப்புக்காக வீட்டில் பீர் போட சிங்கப்பூர் சுங்கத்துறை ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரைதான் அனுமதிக்கிறது. விற்கக் கூடாது, காய்ச்சி வடிக்கவும் கூடாது. இரண்டு முறை 20 லிட்டர் என்றால் 40 ஆகிவிடும். பதினைந்து பதினைந்தாகப் பிரித்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றுக்கும் 75 கிராம் ஹாப்ஸ், 86 கிராம் சர்க்கரை. இரண்டு ஜாடிகளிலும் என்ன எண் வந்தது என்று எழுதுங்கள்.